பாலைவனத்து வண்டியும் பத்தில் ஒரு மில்லிமீட்டரும்

ஷார்ஜாவின் தொழிற்பேட்டைக்குள், அங்கே பிழைக்கும் நம்மவர்கள் 'சனையா' என்று அழைக்கும் அந்த விசாலமான பிரதேசத்துக்குள், வார விடுமுறைக்கு முந்திய மாலையில் நுழைகிறவர், கராஜ்களின் வாசல்களில் சக்கரங்கள் கழற்றப்பட்டு முட்டுக்கட்டைகளின் மேல் நிற்கும் வண்டிகளை வரிசையாகக் காண்பார். நிஸான் பேட்ரோல்களும் டொயோட்டா லேண்ட் குரூஸர்களும் அவற்றில் உண்டு. எந்தக் கம்பெனியின் பெயரையும் தாங்காமல், இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து உருவாக்கிய மணல்வண்டிகளும் உண்டு. அல் பதாயரின் செம்மணல் மேடுகளிலும், மலீஹாவின் பாறை ஓரங்களிலும், அபுதாபிக்குத் தெற்கே வெகுதூரத்தில் லிவாவின் பெரும் மணற்குன்றுகளிலும் ஏறி இறங்குவதற்கென்றே தயாராகிறவை இவை. லிவாவிலுள்ள தல் முரீப் என்னும் மணற்குன்று சுமார் 300 மீட்டர் உயரமும் ஏறக்குறைய 50 பாகைச் சரிவும் உடையதென்று சொல்வார்கள். குளிர்காலத் திருவிழாவின்போது அதன் உச்சியைத் தொடுவதற்காக வண்டிகள் போட்டியிட்டுப் பாயும் காட்சியைப் பார்த்தவர்கள், அவற்றின் எஞ்சின்களைப் பற்றி நாள்முழுதும் பேசுவார்கள்.

எஞ்சினைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. சக்கரத்தையும் சட்டத்தையும் இணைக்கும் சஸ்பென்ஷன் அமைப்பில், பெரிய கரங்களுக்கும் தடித்த போல்ட்டுகளுக்கும் நடுவே கண்ணுக்கே புலப்படாமல் ஒளிந்திருக்கும் மெல்லிய தகடு வளையமாகிய ஷிம் வாஷரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆயினும் சொந்தமாக வண்டி கட்டுகிறவர் எவராயினும், என்றாவது ஒருநாள், பத்தில் மூன்று பங்கு மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு வளையம் கிடைக்காமல் வேலை முழுவதும் நின்றுபோய்க் கடைகடையாக அலையும் அனுபவத்தை அடைந்தே தீருவார். அப்படி அலைகிறவருக்கு உதவும் பொருட்டே இந்த விஷயத்தைச் சற்று விஸ்தாரமாக எழுதத் துணிகிறேன்.

இரும்புச் சாமான் கடையில் கைநிறைய அள்ளிக் கொடுக்கிற வாஷருக்கும் ஷிம்முக்கும் உருவத்தில் பெரிய பேதம் இல்லை. இரண்டும் நடுவே துளையுள்ள வட்டத் தகடுகளே. பேதம் அவற்றின் கனத்தை நாம் நம்பலாமா என்பதில் இருக்கிறது. 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு உரிய சாதாரண வாஷரின் கனம் 2.5 மில்லிமீட்டர் என்று சர்வதேசத் தரவிதி சொல்லுகிறது. ஆனால் அதே விதி, 2.3 முதல் 2.7 வரை எந்தக் கனத்தில் இருந்தாலும் அதைக் குற்றமற்ற வாஷராக ஏற்றுக்கொள்கிறது. ஆகவே ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு வாஷர்களுக்கு இடையில் 0.4 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கலாம். நட்டின் அழுத்தத்தைப் பரப்பிக் கொடுப்பது மட்டுமே அதன் கடமையாதலால், அந்த வித்தியாசத்தால் அதற்கு ஒரு தோஷமும் இல்லை. ஷிம்மின் கடமையோ ஓர் இடைவெளியை இவ்வளவு என்று நிர்ணயம் செய்வது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் அதற்கு ஒரு முழு அலகு. நாம் எழுதுகிற சாதாரணக் காகிதத் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இவ்வளவு சிறிய அளவு இத்தனை பெரிய வண்டியை என்ன செய்துவிட முடியும் என்ற சந்தேகம் நியாயமானது. சக்கரத்தைத் தாங்கும் மேற்கரமும் கீழ்க்கரமும் 250 மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பதாகக் கொள்வோம். மேற்கரம் சட்டத்தோடு சேருமிடத்தில் 1 மில்லிமீட்டர் ஷிம் ஒன்றைச் செருகினால், சக்கரத்தின் சாய்வு, அதாவது கேம்பர் என்று மெக்கானிக்குகள் சொல்லும் கோணம், ஏறக்குறையக் கால் பாகை மாறிவிடும். வலதுசக்கரத்துக்கும் இடதுசக்கரத்துக்கும் அரைப்பாகை பேதம் வந்தாலே வண்டி ஒருபுறம் இழுக்கத் தொடங்கும். டயரின் ஓர் ஓரம் மட்டும் தேயும். தொழிற்சாலையில் பிறந்த காரில் பிராக்கெட்டுகள் எல்லாம் கருவிகளால் பிடித்து நிறுத்தப்பட்ட நிலையில் பற்றவைக்கப்படுகின்றன. அப்படியிருந்தும் நிஸானின் பழைய பிக்கப் வண்டிகள் போன்ற சிலவற்றில், மேற்கரத்தின் தண்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஷிம்களை வைத்தே கோணத்தைத் திருத்தும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். சொந்தமாகக் கட்டும் வண்டியிலோ, பற்றவைப்பின் உஷ்ணத்தில் பிராக்கெட் ஒன்று ஒரு மில்லிமீட்டர் இழுத்துக்கொண்டு போவது அன்றாடச் செய்தி. அந்தப் பிழையை மீண்டும் அறுத்துப் பற்றவைக்காமல் நிவர்த்திக்க வழி ஷிம் ஒன்றே. பின்பக்கத்துப் போல்ட்டில் ஒரு கனமும் முன்பக்கத்துப் போல்ட்டில் வேறொரு கனமும் வைத்தால், ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பும் குணத்தையும் அதே தகடுகளால் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

வளைகுடாவில் இந்த விஷயம் பிரத்யட்சமாகத் தெரிவது லேண்ட் குரூஸரின் முன்னச்சில். 70, 80 என்ற வரிசைகளின் கனத்த முன்னச்சின் இரு நுனிகளிலும், சக்கரத்தைத் திருப்பும் நக்கிள் என்ற பாகம் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பேரிங்குகளின் மேல் சுழல்கிறது; அந்தப் பேரிங்குகளின் இறுக்கத்தை நிர்ணயிப்பவை, மேல்மூடிக்கும் கீழ்மூடிக்கும் அடியில் கிடக்கும் மெல்லிய ஷிம்களே. டொயோட்டாவே இவற்றைப் பல கனங்களில் தனித்தனியாக விற்கிறது. ஷிம்களைக் கூட்டினால் பேரிங் தளரும், எடுத்தால் இறுகும். மொத்தக் கனம் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. அந்தக் கனத்தை மேலும் கீழும் எப்படிப் பங்கிடுகிறோம் என்பது, நக்கிள் அச்சின் நடுவில் நிற்கிறதா, மேலேயோ கீழேயோ ஒதுங்கி நிற்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆதலால் இதைப் பிரிக்கும்போது மேலிருந்த ஷிம்களை ஒரு கம்பியிலும் கீழிருந்தவற்றை வேறொரு கம்பியிலும் கோத்து, எந்தப் பக்கம் என்று சீட்டு எழுதிக் கட்டி வைப்பதே அறிந்த மெக்கானிக்கின் வழக்கம். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு டீசலில் ஊறவைக்கிறவர், திரும்பச் சேர்க்கும்போது வெறும் அனுமானத்தைத்தான் சேர்க்கிறார்.

இறுக்கம் சரியா என்பதைப் பரீட்சிக்கும் முறை மிக எளிமையானது. நக்கிள் கரத்தின் நுனியில் ஸ்பிரிங் தராசு ஒன்றை மாட்டி மெதுவாக இழுக்க வேண்டும். நக்கிள் நகரத் தொடங்கும் அந்தக் கணத்தில் தராசு காட்டும் எடை, அந்த மாடலின் கையேடு சொல்லும் வரம்புக்குள் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் ஒரு மெல்லிய ஷிம்மை எடுத்துவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். இதை அலட்சியம் செய்த வண்டி, மணலில் ஒன்றும் காட்டாமல் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, வீடு திரும்பும் நெடுஞ்சாலையில் வேகம் கூடும்போது ஸ்டீயரிங் வளையம் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் அளவுக்கு நடுங்கத் தொடங்கும். ஸ்டீயரிங் டாம்பரை மாற்றியும் டயரைச் சமன்செய்தும் பணத்தை இழந்தபின், கடைசியில் காரணம் சில்லறைக் காசு பெறும் ஒரு தகட்டில் இருந்ததென்று கண்டவர்களை இந்தச் சனையாக்களில் அடிக்கடி சந்திக்கலாம்.

இங்கே ஒரு முக்கியமான பாகுபாட்டைச் சொல்லியாக வேண்டும்; வாங்குவதா, செய்துகொள்வதா என்ற கேள்விக்கு விடை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. சஸ்பென்ஷனில் இருவகை ஷிம்கள் உண்டு. ஒன்று, இரண்டு கெட்டியான பாகங்களுக்கு நடுவே நசுங்கி அசையாமல் கிடப்பது. மேலே சொன்னவை எல்லாம் இந்த வகை. மற்றொன்று, ஷாக் அப்சார்பரின் உள்ளே, பிஸ்டனின் எண்ணெய்த் துளைகளை மூடிக்கொண்டு, எண்ணெய் தள்ளும்போதெல்லாம் வளைந்து வழிவிட்டு மறுகணமே நிமிர்ந்து மூடிக்கொள்வது. மணற்குன்றின் மறுபுறம் வண்டி விழும்போது உண்டாகும் அதிர்ச்சியைத் தாங்குவது, பல அளவுகளில் பிரமிடுபோல் அடுக்கப்பட்ட இந்த வட்டத் தகடுகளின் வளைதலே.

இவ்விரண்டாம் வகையின் சூக்ஷ்மம் என்னவென்றால், தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 0.10 மில்லிமீட்டர் தகட்டின் விறைப்பை 1 என்று வைத்துக்கொண்டால், 0.15 தகட்டின் விறைப்பு ஏறக்குறைய 3.4, 0.20 தகட்டின் விறைப்பு 8. ஆகவே ஒரு 0.20 தகட்டுக்குப் பதிலாக இரண்டு 0.10 தகடுகளைப் போட்டால் கனம் சரியாக இருக்கும், விறைப்போ நான்கில் ஒரு பங்காகிவிடும். இன்னும் நுட்பமாகப் பார்த்தால், 0.20 என்று பெயரிட்டு விற்கப்படும் தகடு உண்மையில் 0.22 இருந்துவிட்டால், அந்த நூறில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் விறைப்பை மூன்றில் ஒரு பங்கு உயர்த்திவிடுகிறது. அதோடு இத்தகடுகள் லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர வேண்டியவை; ஓரத்தில் நகம் தடுக்கும் அளவு பிசிறு இருந்தாலும் அங்கிருந்தே வெடிப்பு ஆரம்பிக்கும். பதமேற்றிய ஸ்பிரிங் எஃகில், ஓரம் மழமழவென்று உருட்டப்பட்டு, கனம் உறுதி செய்யப்பட்ட தகடாக இவற்றை விலைகொடுத்து வாங்குவதே தக்கது என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஃபாக்ஸ், கிங் போன்ற ஷாக்குகளைப் பிரித்துச் சேர்க்கும் கடைகளில் உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றையும் சொல்லிக் கேட்டால் கிடைக்கும். இதைப் பட்டறையில் வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்லுகிறவர் எவ்வளவு நல்ல கைகாரராக இருந்தாலும் வணக்கம் சொல்லி விலகிவிடலாம்.

நசுங்கிக் கிடக்கும் முதல் வகையின் சங்கதி வேறு. அதை வாங்கவும் முடியும், செய்யவும் முடியும். டின் 988 என்ற ஜெர்மானியத் தரவிதியின்படி செய்யப்பட்ட ஷிம் வளையங்கள் 0.1, 0.2, 0.3, 0.5, 1.0 என்ற கனங்களில் கிடைக்கின்றன. பேரிங் விற்பனை செய்கிற கடைகளில் இந்த எண்ணைச் சொல்லிக் கேட்பது, கையை விரித்துக் காட்டி விவரிப்பதைவிட விரைவில் பலன் தரும். துபாயில் தேராவும் அல் கூஸும், அபுதாபியில் முஸஃபாவும், குவைத்தில் ஷுவைக்கும், கத்தாரில் தோஹாவின் சனையாவும், மஸ்கட்டில் வாதி கபீரும், பஹ்ரைனில் சல்மாபாத்தும் இத்தேடலுக்கு உரிய இடங்கள். ஷார்ஜாவின் பழைய உதிரிப்பாகச் சந்தையில், பிரிக்கப்பட்ட அச்சுகளோடு வரும் கம்பெனி ஷிம்களை அப்படியே பெறலாம். துருப்பிடித்துப் பள்ளம் விழுந்தவற்றை மட்டும் தொடக் கூடாது. வளையம் கிடைக்காதபோது தகட்டையே வாங்கிக்கொள்ளலாம். பித்தளை, கார்பன் எஃகு, ஸ்டெயின்லெஸ் எஃகு ஆகிய மூன்றிலும் அளவிட்ட கனத்தில் சுருளாக விற்கும் ஷிம் தகட்டைக் கருவிக் கடைகள் வைத்திருக்கின்றன. வர்ணத்தைக் கொண்டு கனத்தை அடையாளம் காணும் பிளாஸ்டிக் ஷிம் தகடுகளும் அதே அலமாரியில் இருக்கும். அவை அழுத்தத்தில் நாளடைவில் படிந்துபோகிறவை ஆதலால் சஸ்பென்ஷனுக்கு ஆகா.

செய்யும் முறையை நான் நன்றாக நின்று பார்த்தது, கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கடைசல்காரர் ஒருவரிடம். ஐம்பது வயதைக் கடந்தவர். பீளமேட்டுப் பட்டறைகளில் கற்ற தொழிலோடு இங்கே வந்து சேர்ந்தவர். ஒற்றைத் தகட்டை லேத்தில் பிடித்துக் கடைய முடியாது. அது மடங்கிக் கிழியும். அவர் 0.3 தகட்டை நாற்பது மில்லிமீட்டர்ச் சதுரங்களாகக் கத்தரித்து, பதினைந்து இருபதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலும் கீழும் தடித்த இரும்புத் தகடுகளை வைத்து நான்கு மூலையிலும் போல்ட்டு போட்டு இறுக்கினார். இறுகிய பிறகு அந்த அடுக்கு ஒரே இரும்புக் கட்டியாகவே நடந்துகொள்கிறது. அதைச் சக்கில் பிடித்து நடுவே துளையிட்டு, 12 மில்லிமீட்டர் போல்ட்டு உராயாமல் நுழையும் அளவுக்குப் போரிங் செய்தார்; பிறகு அந்தத் துளையில் ஒரு தண்டைச் செருகி, இருபுறமும் வட்ட வில்லைகள் வைத்து நட்டால் நெருக்கி, மூலைப் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, கூர்மையான முனையால் மிக மெல்லிய சீவலாக வெளிவிட்டத்தைக் கடைந்தார். அடுக்கு பிரிந்தபோது முதல் தகட்டையும் கடைசித் தகட்டையும் எடுத்துத் தனியே எறிந்தார். வில்லையின் ஓரம் பட்டு அவை சற்றே குழிந்திருக்கும் என்பது அவர் கணக்கு.

மிச்சமிருந்தவற்றை உடனே மைக்ரோமீட்டரில் வைக்கப் போன என் கையை அவர் தடுத்துவிட்டார். "பிசிறோட அளந்தா அளவே பொய்யிங்க தம்பி" என்று சொல்லி, கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் 800 நம்பர் உப்புத்தாளை விரித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஒவ்வொரு வளையத்தையும் விரல்நுனியால் எட்டுப்போல் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தார். இருபக்கமும் ஓரம் வழவழப்பான பிறகு, துணியால் துடைத்து, மைக்ரோமீட்டரின் ராட்செட்டைச் சொடுக்கவிட்டு, வளையத்தைத் திருப்பித் திருப்பி நான்கு இடங்களில் அளந்தார். நான்கும் ஒத்தவை ஒருபுறம், ஒவ்வாதவை மறுபுறம். இந்தக் கடைசி வேலைக்குக் கடைசலைவிட அதிக நேரம் பிடித்தது. அவசரக்காரர் விட்டுவிடும் வேலை இதுவே. பிசிறின் உயரம் சில சமயங்களில் ஷிம்மின் கனத்தில் பத்தில் ஒரு பங்கையும் எட்டிவிடும் என்பதை நினைத்தால், விட்டுவிட்டவர் ஷிம் செய்தவராகவே ஆகமாட்டார்.

அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கரிவரதனின் நினைவு வந்தது. கோவையின் லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினையும் பாகங்களையும் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டி, ஃபார்முலா மாருதி என்ற பந்தய வகைக்கு உயிர்கொடுத்தவர். 1995-ஆம் ஆண்டு விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005-ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதி கார்களில் கை பழகியவர்தாம். உயர்ந்த உபகரணங்கள் இறக்குமதியாகாத அந்தக் காலத்தில் பந்தயக் காரையே கட்டிய அந்த ஊரின் லேத்துகளிலிருந்து புறப்பட்ட கைத்திறன், இன்று வளைகுடாவின் சனையாக்களில் பெயர்ப்பலகை இல்லாத அறைகளில் உயிரோடிருக்கிறது என்பதை எழுதி வைக்க வேண்டியது கடமை என்று கருதுகிறேன்.

பத்து இருபதுக்கு மேல் தேவைப்படுகிறவர், தகடுகளை அடுக்கிப் பிடித்து ஒயர்கட் யந்திரத்தில் வெட்டச் சொல்லலாம். ஓரம் சுத்தமாக வரும். லேசர் வெட்டு விலை மலிவு. ஆனால் மெல்லிய தகட்டின் ஓரத்தில் உருகிய மணிகள் ஒட்டிக்கொண்டு நிற்கும், உஷ்ணத்தால் தகடும் சிறிது நெளியும். தேய்த்துச் சமன்செய்யும் பிரயாசை அப்போது இரட்டிப்பாகும். குளிர்பானக் கேனைக் கத்தரித்துச் செருகும் பழக்கமும் உண்டு. அதன் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் என்பது மெய்தான். இருபுறமும் அதன் மேல் பூசிய வர்ணமும் அரக்கும் போல்ட்டின் அழுத்தத்தில் மெல்லப் படிய, போல்ட்டு தளர்ந்துவிடும் என்பதும் மெய். ஒரு 12 மில்லிமீட்டர் உயர்பலப் போல்ட்டைக் கையேட்டின்படி முறுக்கினால், அந்தச் சிறு வளையத்தின் மேல் ஏறக்குறைய 4 டன் அழுத்தம் இறங்குகிறது. அந்தப் பாரத்தின் கீழ் வர்ணமும் நிற்காது, காகிதமும் நிற்காது.

அதே காரணத்தால் தகடுகளின் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். இரண்டு பரப்புகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் அவற்றின் மேடுபள்ளங்கள் மைக்ரான் கணக்கில் அமுங்கும், பதின்மூன்று 0.1 தகடுகளை அடுக்கினால் அத்தனை சந்திப்புகளும் சேர்ந்து போல்ட்டின் இறுக்கத்தைத் தின்றுவிடும். 1.3 மில்லிமீட்டர் வேண்டுமாயின் ஒரு 1.0 தகடும் ஒரு 0.3 தகடும் போதும். ஷிம் ஏறிய அளவுக்குப் போல்ட்டின் நீளம் குறைகிறது என்பதையும் மறக்கக் கூடாது; நட்டுக்கு வெளியே ஒன்றிரண்டு புரியாவது தெரியாவிட்டால் நீளமான போல்ட்டாக மாற்றியே ஆகவேண்டும். கரத்தின் நுனியில் உருண்டை மூட்டு வைத்தவர்கள், அதன் வெளிப்புறத்தில் மூட்டின் உடலைவிட அகலமான கெட்டி வாஷர் ஒன்றைப் போட்டே தீரவேண்டும். மூட்டு உடைந்து உருண்டை கழன்றாலும் கரம் போல்ட்டை விட்டு வெளியேறாமல் அந்த வாஷர் பிடித்துக்கொள்ளும். இதில் மெல்லிய ஷிம் உதவாது.

கடலோரத்து ஈரமும் சப்கா எனப்படும் உப்புத்தரையின் மண்ணும் வளைகுடாவின் இரும்பை வெகு சீக்கிரம் தின்கின்றன. பாதுகாப்பில்லாத கார்பன் எஃகு ஷிம் ஓரத்தில் துரு உண்டாகி உப்பும்; உப்பிய துரு அளவைக் கெடுக்கும். அச்சின் உள்ளே கிரீஸில் மூழ்கிக் கிடப்பதற்குக் கார்பன் எஃகு நல்லது. வெளியே தெரியும் இடங்களுக்கு ஸ்டெயின்லெஸ் எஃகை வைத்து, சேருமிடத்தில் கிரீஸை மெல்லியதாகத் தடவுவதே என் சிபாரிசு. பித்தளை வெட்டுவதற்குச் சுலபமானதென்பதற்காக எல்லா இடத்திலும் அதைத் திணிக்க வேண்டியதில்லை.

போக்குவரத்துச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தேய்ந்த ஷிம்மை அதே அளவில் மாற்றுவது பராமரிப்பு. கரங்களையும் வண்டிச் சட்டத்தையும் மாற்றியமைப்பது வேறு காரியம். அமீரகத்தின் 2017-ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதிகள், அனுமதியின்றி எஞ்சினையோ சட்டத்தையோ மாற்றியமைப்பதற்கு 1,000 திர்ஹம் அபராதமும், 12 கரும்புள்ளிகளும், 30 நாள் வண்டிப் பறிமுதலும் வைத்தன. சாலையில் ஓடும் வண்டியில் கைவைக்கும் முன்பே போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நலம். மணலுக்கென்றே கட்டிய வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோவதே முறை.

வேலை முடிந்த வண்டியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் எந்த இடத்தில் எத்தனை கனம் ஷிம் இருக்கிறது என்பதைச் சிறிய நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கேம்பரைப் பார்க்கப் பெரிய யந்திரம் கிடைக்காதவர், சமதளத்தில் வண்டியை நிறுத்தி, தூக்குக் குண்டு கட்டிய நூலைச் சக்கரத்தின் பக்கத்தில் தொங்கவிட்டு, ரிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரங்களை அளக்கலாம். விளிம்புகளுக்கிடையே 400 மில்லிமீட்டர் இருந்து, தூரத்தில் 7 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் சாய்வு 1 பாகை. முதல் மணற்பயணம் போய்வந்ததும், மறுநாள் காலையில் இரும்பு குளிர்ந்திருக்கும்போதே எல்லாப் போல்ட்டுகளிலும் டார்க் ரெஞ்சை மறுபடி வைத்துப் பார்த்து, லேண்ட் குரூஸராயின் ஸ்பிரிங் தராசையும் மறுபடி மாட்டி இழுத்து, வந்த எண்ணைப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். இறுக்கம் குறைந்திருந்தால் மூடியைத் திறந்து ஷிம்களை மீண்டும் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்த பின்பே அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்கலாம்.